முத்திரையில்லாப் பொருளின் பெருமை



யப்பானின் தலைநகராகிய டோக்கியோவிலே கின்சா என்றொரு கடைத்தெரு உண்டு. அந்நாட்டில் நிலத்தின் விலை மிக உயர்ந்த இடங்களுள் அதுவும் ஒன்று. பெரிய நிறுவனங்களெல்லாம் தத்தம் பெயரை ஒளிவிளக்குகளாற் பொறித்து நிற்கும் அத்தெருவில், 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் பத்துமாடிக் கட்டடமொன்று திறக்கப்பெற்றது. அதிலே அமைந்த கடை தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் 'முஜிருஷி ரியோஹின்' என்பது. 'முத்திரையில்லாத நற்பொருள்' என்பது அதன் கருத்து. சுருக்கமாக 'முஜி' என்பர்.

திறக்கப்பெற்ற காலத்தில் நிலக்கீழ்த் தளத்தில் உணவுச்சாலை. தெருமட்டத்தில் வேகவைத்த பாணும் காய்கறியும். அதற்கு மேலே உடை, பாத்திரம், படுக்கை முதலியன. ஆறாம் மாடியிலே வடிவமைப்புக் கலையைக் காட்டும் கண்காட்சிக் கூடம். அம்மாடி தொடங்கிப் பத்தாம் மாடி வரையில் 79 அறைகள் கொண்ட தங்குவிடுதி. விடுதியின் வரவேற்பிடச் சுவரிலே, முன்னாளில் டோக்கியோவின் டிராம் வண்டிப் பாதையிற் பதித்திருந்த கற்களை எடுத்து அடுக்கியிருக்கிறார்கள்.

இம்முயற்சி தொடங்கியது 1980ஆம் ஆண்டில். செயூ என்ற பல்பொருள் அங்காடி, நாற்பது பண்டங்களை இப்பெயரில் விற்கத் தலைப்பட்டது. அதற்கு வித்திட்டவர்கள் வணிகரும் எழுத்தாளருமாகிய செய்ஜி சுட்சுமி, ஓவிய வடிவமைப்பாளராகிய இக்கோ தனக்கா என்போர். எண்ணெய் நெருக்கடிகளால் விலைவாசி ஏறிய எழுபதுகள் கழிந்த காலம் அது. மூலப்பொருளைத் தெரிவதிலும், செய்முறையிலும், பொதி செய்வதிலும் வேண்டாதவற்றைக் களைந்தால் விலை தானே குறையும் என்பது அவர்களுடைய துணிபு.

ஓர் உதாரணம் கூறுவேன். உலர்ந்த காளான்களுள் வெடித்தவற்றை வணிகர் கழித்துவிடுவது வழக்கம். ஆனால், எக்காளானும் அடுக்களையில் ஊறி அரிபடப் போவதுதானே? ஆகவே வெடித்த காளானையும் அவர்கள் பொதிசெய்து விற்றார்கள். சுவை குறையவில்லை, விலை குறைந்தது. மலிவுக்குரிய காரணத்தையும் பொதியின் மீதே எழுதிவைத்தார்கள். காரணம் கூறும் மலிவு வேறு. தரத்தை ஒளித்து வரும் மலிவு வேறு.

பின்னாளில் இந்நிறுவனத்திற்கு வழிகாட்டிய கென்யா ஹரா என்னும் வடிவமைப்பாளர், 'இதுதான் வேண்டும்' என்ற மனநிலைக்கும் 'இது போதும்' என்ற மனநிலைக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துரைத்தார். யப்பானிய மொழியில் ஓர் இடைச்சொல் மாறினாற் போதும், முன்னது பின்னதாகிவிடும். நம் வழக்கிலும் 'போதும்' என்பது இருவகைப்படும். வேறொன்றும் கிடையாதவன் பெருமூச்சோடு சொல்வது ஒன்று. விருந்திலே வயிறு நிறைந்தவன் இலைமேற் கைகவித்துச் சொல்வது மற்றொன்று. ஹரா கருதியது இந்த இரண்டாவதையே.

இங்கே ஒரு வினா எழும். எளிமையைப் போற்றுவோர்க்கு விலையுயர்ந்த வீதியிலே மாளிகை எதற்கு? வினா நியாயமானதே. முத்திரையில்லாமை என்பதே இன்று உலகறிந்த முத்திரையாகிவிட்டது. வீட்டிலுள்ள நல்ல நாற்காலியை எறிந்துவிட்டு, எளிமையின் பெயரால் வேறொன்றை வாங்குகிறவன் எளிமையை அடைந்தானல்லன், செலவொன்றையே கூட்டிக்கொண்டான். அந்தக் கட்டடத்தில் நாம் கற்கத்தக்க பாடம் விற்பனைத் தட்டுகளில் இல்லை. விலைச்சீட்டு ஏதுமின்றிச் சுவரில் இருக்கும் அப்பழைய கற்களிலேதான் இருக்கிறது.

ஆதலால், நேயர்களே, ஒரு பொருளைக் கையிலெடுக்கும்போது, 'இதன் விலைக்குக் காரணம் யாது? இதற்குரிய வேலையைச் செய்ய வீட்டிலே ஏற்கனவே ஒன்று இல்லையா?' என்று கேட்டுப் பார்ப்போமாக. அவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பவன், கின்சாவுக்குப் போகாமலே அக்கடையின் மிகச் சிறந்த சரக்கைப் பெற்றவனாவான்.