வேகம் இருந்தும் குரல் ஏன் திக்குகிறது?

ரவுட்டருக்கும் இயங்குதளம் உண்டு. லாட்வியாவின் மைக்ரோடிக் நிறுவனம் 2021 டிசம்பரில் வெளியிட்ட ரவுட்டர்ஓஎஸ் 7.1 பதிப்பில் வயர்கார்ட் எனும் விபிஎன் வசதியைப் பலரும் பாராட்டினார்கள். எனக்குப் பிடித்தது ‘கேக்’. சாப்பிடும் கேக் அல்ல!

நாங்கள் நால்வர் தங்கியிருக்கும் வாடகை வீட்டில் ஒருவர் பெரிய காணொளியைப் பதிவேற்றினால் போதும், இன்னொருவர் இயங்கலை வகுப்பில் பேசும் குரல் திக்கும். வேகம் குறைவு என்பதல்ல காரணம். காணொளியின் தரவுகள் ரவுட்டரிலோ மோடத்திலோ நீண்ட வரிசையாக நிற்க, குரலும் அதன் பின்னால் காத்துக் கிடக்கிறது. கேக் ஒவ்வோர் இணைப்பையும் தனி வரிசையில் நிறுத்தி, மாறி மாறி அனுப்புகிறது. சிறிய குரல் தரவு சட்டென்று வெளியேறிவிடும்.

மென்பொருளைப் புதுப்பித்தால் மட்டும் இது வேலை செய்யாது. நாமே தேர்வு செய்ய வேண்டும். வேக வரம்பையும் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் வரிசை மோடத்தில் சேரும். அங்கே கேக்கின் கை எட்டாது. எங்கள் பதிவேற்ற வேகம் 50 எம்பிபிஎஸ். 45 என்று வைத்தேன். காணொளி ஏறக் கொஞ்சம் தாமதமாகிறது, குரல் திக்குவதில்லை. புது ரவுட்டர் வாங்கும் பேச்சையும் விட்டுவிட்டோம்.

புதுப்பிக்கும் முன் பழைய அமைப்புகளை நகலெடுத்து வையுங்கள்.