படபடப்பும் அயோடினும்

நுழையும்முன்

நெஞ்சு படபடக்கிறது; கைகள் நடுங்குகின்றன; வியர்வை பெருகுகிறது. இத்துன்பம் மனத்தில் பிறந்ததா, உடலில் பிறந்ததா? இவ்வினாவுக்கு விடை தேடிய மருத்துவ வரலாற்றில், அன்றாட உப்பில் கலந்துள்ள அயோடினுக்கும் ஓர் இடமுண்டு.

பேரச்சக் கோளாறு

திடீரென எழுந்து, சில நிமிடங்களில் உச்சத்தை எட்டும் கடும் அச்சத்தைப் பேரச்சத் தாக்கம் என்பர். இதயம் விரைந்து துடிக்கும்; மூச்சு முட்டும்; உயிர் போய்விடுமோ என்னும் எண்ணம் வாட்டும். எதிர்பாராத வகையில் இது மீண்டும் மீண்டும் நேர்ந்து, அடுத்த தாக்கம் எப்பொழுது வருமோ என்னும் கவலையும் நீடித்தால், அது பேரச்சக் கோளாறு ஆகலாம்.

கழுத்திலுள்ள சுரப்பி

குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. இது சுரக்கும் தைராக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. உடலின் வளர்சிதை மாற்றத்தை நெறிப்படுத்தும் இந்த ஹார்மோன் அளவுக்கு மிஞ்சினால் படபடப்பும் நடுக்கமும் பதற்றமும் தோன்றும். பேரச்சத் தாக்கத்தின் அறிகுறிகள் பல இவற்றை ஒத்திருப்பதால் நோயைப் பிரித்தறிவது கடினமாகிறது.

வரலாறு காட்டும் சான்றுகள்

1820இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே, கழுத்துக்கழலைக்கு அயோடினை மருந்தாக அளித்தார். பலருக்குக் கழலை சுருங்கியது. சிலருக்கோ படபடப்பும் உடல் மெலிவும் ஏற்பட்டன. 1835இல் டப்ளின் மருத்துவர் இராபர்ட் கிரேவ்ஸ், கடும் படபடப்புற்ற பெண்களிடம் தைராய்டு வீக்கத்தைக் கண்டு எழுதினார். அவர்களுள் ஒருவருடைய துன்பம் முதலில் ‘ஹிஸ்டீரியா’ என்றே கருதப்பட்டிருந்தது.

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் அயோடின் பற்றாக்குறையைப் போக்க, 1966இல் ரொட்டியில் அயோடின் சேர்க்கப்பட்டது. அதன்பின் தைராய்டு மிகைச் சுரப்பு நோயாளிகளின் எண்ணிக்கை உயர்ந்து, பின்னர்த் தணிந்தது. நெடுங்காலம் அயோடினின்றி வாடிக் கழலை கண்ட சுரப்பி, அது கிடைத்ததும் கட்டுப்பாடின்றிச் சுரந்ததே இதற்குக் காரணம்.

அறிய வேண்டுவன

இச்சான்றுகளைக் கொண்டு, அயோடினே பேரச்சக் கோளாற்றை உண்டாக்குகிறது என முடிவுசெய்தல் பிழையாகும். இவை காட்டும் தொடர்பு, தைராய்டின் வழியாக அமைவது. தைராய்டு மிகைச் சுரப்பால் தோன்றும் படபடப்பைப் பேரச்சக் கோளாறு என மருத்துவம் கொள்வதில்லை. ஆகவே, தேவையான இடத்தில் இரத்தப் பரிசோதனையால் தைராய்டின் நிலையை அறிந்த பின்னரே மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் ஏறத்தாழ 150 மைக்ரோகிராம் மட்டுமே. அது குறைந்தால் கழலை தோன்றும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும். எனவே, அச்சம் கருதி அயோடின் உப்பை விலக்குதலும் தவறு. தாமாகவே அயோடின் மாத்திரைகளை உண்ணுதலும் தவறு.

படபடப்பால் வருந்தும் ஒருவரைக் ‘கோழை’ எனப் பழிப்பது எளிது. ஆனால், அவரது துன்பம் சுரப்பியில் தோன்றியிருக்கலாம், மனத்திலும் தோன்றியிருக்கலாம். எவ்வாறாயினும் அது நோயே; மருத்துவத்தால் தணிக்கத்தக்கதே. பழிப்பதை விடுத்து, அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அறிவும் அன்பும் ஆகும்.