உங்களுக்குத் தெரியுமா? பழவேற்காட்டில் பிறந்த புத்தகம்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் டச்சுக்காரர்கள் 1613-இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டையில், 1630-களில் பாதிரியாராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேள்விமேல் கேள்வி கேட்டு, நம் சமய வழக்கங்களை எழுதிக்கொண்டார். இருவரும் பேசிக்கொண்டது போர்த்துக்கீசிய மொழியில்! பர்த்ருஹரியின் வடமொழிச் செய்யுள்களைப் பத்மநாபன் அப்படியே விளக்கிச் சொல்ல, ரோஜேரியஸ் டச்சில் எழுதினார். ஐரோப்பிய மொழியில் அச்சேறிய முதல் சமஸ்கிருத இலக்கிய மொழிபெயர்ப்பு அதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ரோஜேரியஸ் மறைந்த பிறகு, 1651-இல் லெய்டன் நகரில் அந்த நூல் வெளிவந்தது.

ஒரு காலத்தில் அதைக் கண்ணால் பார்க்கவே பெரிய நூலகங்களைத் தேடிப் போகவேண்டியிருந்தது. இன்று இணையத்தில் இலவசம். பழவேற்காட்டு மாணவி ஒருத்தி கைப்பேசியிலேயே பக்கம் பக்கமாகப் புரட்டலாம். ஆனால், பழைய டச்சு நடை மொழிபெயர்ப்புச் செயலிக்கு அவ்வளவாகப் பிடிபடாது. அதனால் விவரம் தெரிந்த நூலகர் துணை இன்னும் வேண்டியிருக்கிறது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் பழைய தமிழ் நூல்கள் ஏராளம். உங்கள் வீட்டுப் பரணில் அரிய நூல் ஏதும் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அவர்களுக்குத் தெரிவியுங்கள்.