கிளாஸ் டீச்சர் பேர் என்ன?

பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட வருகிறவர்களிடம், குழந்தையின் கிளாஸ் டீச்சர் பேர் என்ன என்றுதான் முதலில் கேட்பேன். குடும்பநல நீதிமன்றத்தில் இருபது வருஷமாக வக்கீலாக இருக்கிறேன். அந்தக் கேள்விக்குத் தடுமாறியவர்களே அதிகம்.

செருப்புக்கடை வைத்திருக்கும் ஒரு தகப்பனார் பேரைச் சொல்லவில்லை. 1956-ம் வருஷத்து இந்து இளவர், பாதுகாவலர் சட்டத்தின் ஜெராக்ஸை என் மேசையில் வைத்தார். “அப்பாதாம்மா கார்டியன். சட்டமே சொல்லுதே!”

ஆறாவது பிரிவில் மஞ்சள் கோடு போட்டிருந்தார். இயற்கைப் பாதுகாவலர் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா. அதே பிரிவில், ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம்தான் இருக்கவேண்டும் என்றும் இருக்கிறது. அந்த வரிக்கு மட்டும் கோடு இல்லை. அவர் மகளுக்கு நாலரை வயது.

பாதுகாவலர் என்பது வேறு, பிள்ளை யார் வீட்டில் வளர்வது என்பது வேறு. அந்த ‘அவருக்குப் பிறகு’ என்பதற்கும் பழைய அர்த்தம் போய்விட்டது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பேரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது, அப்பா கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அப்பா செத்த பிறகு என்று மட்டும் இதற்குப் பொருளில்லை, அவர் பிள்ளையைக் கவனிக்காமல் ஒதுங்கியிருந்தாலும் அம்மாவே பாதுகாவலர் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. எல்லாவற்றுக்கும் மேல் 13-ம் பிரிவு: பிள்ளையின் நலன்தான் முதல்.

விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது 1890-ம் வருஷத்துப் பாதுகாவலர் சட்டம். ஜட்ஜ் சேம்பருக்குள் தனியாகப் பேசுவார். ஒருமுறை ஒன்பது வயதுப் பையன், “அப்பா நயவஞ்சகமா நடந்துக்கிட்டார்” என்றானாம். அப்படியென்றால் என்னப்பா என்று ஜட்ஜம்மா கேட்டிருக்கிறார். “தெரியல. அம்மா மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க.” வெளியே வந்து அவர் இதைச் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் மனுவில் நான் போட்ட வார்த்தை. அதற்குப்பிறகு என் மனுக்களில் ‘நயவஞ்சகம்’ வருவதில்லை.

அடிக்கடி கேட்கும் இன்னொன்று, “ஜீவனாம்சம் கட்டட்டும், அப்புறம் பிள்ளையைக் காட்டறேன்.” அந்தப் பக்கத்தில், “பிள்ளையைக் காட்டட்டும், அப்புறம் கட்டறேன்.” இரண்டும் செல்லாது. பணம் வரவில்லையென்றால் அதற்கு நிறைவேற்று மனு இருக்கிறது; பிள்ளையை அடகு வைக்க முடியாது.

பிள்ளை யாரிடம் என்ற உத்தரவு ஒரேயடியாக முடிந்துவிடுவதும் இல்லை. பிள்ளை வளர, நிலைமை மாறினால் மாற்றிக் கேட்கலாம். 1973-ல் ரோஸி ஜேக்கப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

செருப்புக்கடைக்காரருக்கு மகளைப் பார்க்கச் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் கிடைத்தது. முதல் சனிக்கிழமை கடையிலிருந்து பளபளவென்று ஒரு ஷூ எடுத்துவந்தார். பிள்ளைக்குக் கால் நுழையவில்லை. போன வருஷத்து அளவு. அங்கேயே, பெஞ்சில் கிடந்த ஒரு பேப்பரில் மகளை நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பேனாவால் வரைந்தார். அது என் கேஸ் கட்டிலிருந்து விழுந்த வாய்தா சீட்டு. நான் திருப்பிக் கேட்கவில்லை.