தவறு யாருடையது என்று நோயாளி துப்புத் துலக்க வேண்டியதில்லை

காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், "மத்தியானம் கஞ்சி கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். டியூட்டி மாறி வந்த நர்ஸ், "வாயில ஒண்ணும் கொடுக்காதீங்க, ஸ்கேன் இருக்கு" என்கிறார். ஸ்கேன் எழுதியது வேறொரு டாக்டர். டம்ளரும் கையுமாக நிற்கும் உறவினர் யார் பேச்சைக் கேட்பது? திருப்பிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம் வேறு.

அங்கே வேலை தெரியாதவர் யாருமில்லை. ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். கஞ்சியோடு போனால் பரவாயில்லை. இதய டாக்டர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருப்பார். அது தெரியாமல் எலும்பு டாக்டர் வலி மாத்திரை எழுதுவார். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடும். ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் இருவர் எழுத, நோயாளி இரட்டை அளவு விழுங்குவதும் உண்டு.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு தேவையில்லை. அறுவை சிகிச்சைக்காக உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. கத்தி வைக்குமுன் தியேட்டரில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும்; முடித்தபின் கருவிகளையும் பஞ்சுகளையும் எண்ண வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பெயர் சொல்வதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒருமுறை வாய் திறந்த ஜூனியர் நர்ஸுக்கு, "சார், ஒரு துணி குறையுது" என்று சொல்லும் துணிச்சல் வருகிறது. 'சார்' என்ற சொல்லுக்கே குரல் தாழ்த்திப் பழகிய நம் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

அப்படி யாரும் சொல்லாத ஒரு சம்பவம், அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963இல் நடந்தது. பிரசவத்துக்குப்பின் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்ணின் வயிற்றுக்குள் துணி விடுபட்டு, அவர் இறந்துபோனார். தவறு இன்னாருடையது என்று குறிப்பாகச் சுட்ட முடியாவிட்டாலும் அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2004இல் சவிதா கார்க் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது: எந்த டாக்டர், எந்த நர்ஸ் என்று நோயாளி தரப்பு பெயர் சொல்லி வழக்கில் சேர்க்காததால் வழக்கு விழாது, கவனக்குறைவு இல்லை என்று விளக்க வேண்டியது மருத்துவமனை. "அது அவங்க டிபார்ட்மென்ட்" என்ற பதில் அவர்களுக்குள் செல்லலாம், உங்களிடம் செல்லாது.

சிகிச்சை தருபவரின் பெயரும் தகுதியும் அறிவது நோயாளியின் உரிமை என்கிறது தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த சாசனம். எனவே சேர்ந்த அன்றே கேளுங்கள்: "இவருக்கு முழுப் பொறுப்பு எந்த டாக்டர்?" இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், அவரிடம் பேசிவிட்டுச் சொல்லுமாறு நர்ஸைக் கேளுங்கள். யார், எப்போது, என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளை, சித்த மருந்து, லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது புது மருந்தைவிட, பழையதில் எதை நிறுத்துவது என்ற கேள்வி முக்கியம்.

கெடுதல் நேர்ந்துவிட்டால், முதலில் மருத்துவக் கண்காணிப்பாளருக்கோ, அரசு மருத்துவமனையானால் நிலைய மருத்துவ அலுவலருக்கோ எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கேஸ் ஷீட் நகலும் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்வரை மனுக் கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் முழு இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அவுரங்காபாத் குடும்பம் போல சிவில் நீதிமன்றம்தான் வழி. எதுவானாலும் கேஸ் ஷீட்டை வாங்கிய பிறகு நகருங்கள். அதை மருத்துவமனை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதே விதி.