மூன்று வருடம் கழித்துக் கைக்கு வரும் பணம் யாருடையது?

மழையை நம்பியே பிழைக்கிற ஊர்கள் வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்து ஊர்கள். கண்மாய் நிறைந்த வருடம் நெல், மிளகாய், பருத்தி என்று ஏதாவது கையில் நிற்கும். நிறையாத வருடம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள், நூறு நாள் வேலைக்குப் போவார்கள், வட்டிக்கு வாங்குவார்கள். நூற்பாலைகளுக்கு ஆள் சேர்க்கும் தரகர்கள் இப்படிப்பட்ட ஊர்களைத்தான் தேடி வருகிறார்கள். "பிள்ளையை மில்லுக்கு அனுப்புங்க. சாப்பாடு, ஹாஸ்டல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. மூணு வருசம் முடிஞ்சா மொத்தமா ஐம்பதாயிரம், கல்யாணச் செலவுக்கு ஆகும்" என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்வது. வீரசோழன் சந்தையில் ஆடு வாங்குகிறவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விலை பேசமாட்டார். மகளின் மூன்று வருட உழைப்புக்கு விலை பேசும்போது அந்த அளவுக்காவது நிதானம் வேண்டும். தரகர் சலுகை என்று அடுக்குகிற பட்டியலில் பெரும்பகுதி சட்டப்படி ஏற்கெனவே தொழிலாளிக்குச் சேர வேண்டியது. அதைக் கழித்துவிட்டு மீதி என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் அந்த வேலையின் உண்மையான மதிப்பு தெரியும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு (பி.எஃப்.) தொழிலாளியிடம் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் பிடிப்பார்கள். நிர்வாகமும் அதே அளவு கட்ட வேண்டும். நிர்வாகம் கட்டுவதில் ஏறக்குறைய 1,000 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்குப் போக, 440 ரூபாய் வைப்பு நிதியில் சேரும். மாதம் 1,880 ரூபாய் வீதம் 36 மாதத்தில் வட்டி சேர்க்காமலே 67,680 ரூபாய் ஆகிறது. போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம். சட்டம் சொல்லும் மாதம் 7,000 ரூபாய் என்ற அடிப்படையில் கணக்கிட்டாலும் வருடத்துக்குச் சுமார் 7,000, மூன்று வருடத்துக்கு 21,000 ரூபாய். அடுத்தது பணிக்கொடை. ஐந்து வருடம் முடிந்தால்தான் கிடைக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வருடம் வேலை பார்த்தாலே பணிக்கொடை உண்டு என்கிறது. மூன்று வருட ஒப்பந்தம் இதில் அடங்கும். வருடத்துக்கு 15 வேலைநாள் சம்பளம் என்ற கணக்கில் அது 20,000 ரூபாய்க்கு மேல் வரும். எல்லாம் கூட்டினால் ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்தைத் தாண்டுகிறது. இதில் 51,840 ரூபாய் அந்தப் பெண்ணின் சம்பளத்திலேயே பிடித்தது. ஆக, ஐம்பதாயிரம் மட்டும் கொடுத்து ஒரு நிர்வாகம் கணக்கை முடித்தால், அவளுடைய பணத்தையே முழுதாகத் திருப்பித் தரவில்லை என்று அர்த்தம்.

இது கற்பனை ஆபத்தில்லை. சுமங்கலித் திட்டம், திருமண உதவித் திட்டம், கேம்ப் கூலி என்று பல பெயர்களில் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் நடந்தது இதுதான். தினக்கூலியைக் குறைத்துக் கொடுத்து, மிச்சத்தை மூன்று வருடம் கழித்து மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள். உடம்பு முடியாமலோ விடுதிக் கெடுபிடி தாங்காமலோ இடையில் ஊர் திரும்பிய பெண்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனது. 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்ட பிறகு வெளிநாட்டுத் துணி நிறுவனங்கள் கேள்வி கேட்கத் தொடங்கின. அந்தப் பெயர்களும் மெல்ல மறைந்தன. இன்று ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கிற ஆலைகள் இருக்கின்றன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சம்பளத்தின் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து ஆளைக் கட்டிப்போடும் வழக்கம் பெயர் மாறியும் வரலாம். முன்பணம் கொடுத்து, அது கழியும் வரை போகக்கூடாது என்பது அதைவிட மோசம். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கொத்தடிமை முறை. அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதே இல்லை.

சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். ஒரு பக்கம் பேசிக், டி.ஏ., ஓ.டி.; இன்னொரு பக்கம் பி.எஃப்., இ.எஸ்.ஐ., மெஸ், ஹாஸ்டல். இலவசம் என்று சொன்ன சாப்பாடு பிடித்தத்தில் இருக்கிறதா? ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் போட்டிருக்கிறார்களா, ஒற்றைச் சம்பளமா? பி.எஃப். என்று பிடித்த தொகை கணக்கில் ஏறியதா என்பதை, பதிவு செய்த கைபேசியிலிருந்து 9966044425க்கு மிஸ்டுகால் கொடுத்தால் குறுஞ்செய்தியிலேயே தெரிந்துகொள்ளலாம். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணே தரவில்லை என்றால் பிடித்த பணம் எங்கே போகிறது என்று அன்றைக்கே கேட்க வேண்டும். "பிடித்தமெல்லாம் எதற்கு, கையில் முழுச் சம்பளம் வந்தால் போதும்" என்கிறவர்கள் உண்டு. கடனில் இருக்கிற குடும்பம் அப்படி நினைப்பதில் தப்பில்லை. ஆனால் இ.எஸ்.ஐ.க்கு 12,000 ரூபாய்ச் சம்பளத்தில் பிடிப்பது 90 ரூபாய்தான். நிர்வாகம் 390 ரூபாய் கட்டுகிறது. இயந்திரத்தில் கை மாட்டி வேலைக்குப் போக முடியாமல் போனால் சம்பளத்தில் 90 சதவீதம் வரை அதில் உதவித்தொகை வரும், சிகிச்சையும் உண்டு. அது இல்லாத குடும்பம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு மறுபடி வட்டிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

"இத்தனை கேள்வி கேட்டால் வேலையே தரமாட்டார்கள்" என்ற பயம் நியாயமானது. தனியாக ஒருவர் கேட்டால் அவரை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். ஒரே தெருவில் ஐந்தாறு குடும்பம் சேர்ந்து கேட்டால் அப்படிப் போக முடியாது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆள் கொண்டுவருகிற ஆலைகளுக்கு, தமிழ் தெரிந்த, பக்கத்து மாவட்டத்துப் பெண்கள் தேவைப்படுகிறார்கள். தேவை இரண்டு பக்கமும் இருக்கிறது. பணி நியமனக் கடிதம் எல்லாத் தொழிலாளிக்கும் கட்டாயம் என்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் சொல்வதால், அதைக் கேட்பது தகராறு ஆகாது. பெண்கள் தங்கும் விடுதி 2014ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் கூடவே கேட்கலாம்.

வேலையால் வருவதைப் பார்த்தது போல, அதற்காக விடுவதையும் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வரும். திருச்சுழியிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. ஆயிரமும் பன்னிரண்டாயிரமும் ஒன்றா என்று கேட்டால் ஒன்றில்லைதான். அடுப்பு எரியாத வீட்டில் இந்த ஒப்பீடு செல்லாது. அப்படி நெருக்கடி இல்லாத வீடு யோசிக்க வேண்டும். பதினேழு வயதில் ஆலைக்குப் போகிறவள் இருபது வயதில் ஊர் திரும்பும்போது கையில் ஒரு தொகை இருக்கும், சான்றிதழ் எதுவும் இருக்காது. அந்தத் தொகையும் கல்யாணத்தில் கரைந்துவிடும். டிகிரியோ தொழிற்பயிற்சியோ முடித்தவள் அடுத்த வேலையைத் தானே தேடிப் போகலாம். ஊரிலேயே இருந்தால் கிடைப்பதையும் பெரிதாக நினைத்துவிடக்கூடாது. 2025-26இல் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. நூறு நாளும் கிடைத்திருந்தாலும் வருடத்துக்கு 33,600 ரூபாய், அதுவும் குடும்பம் முழுமைக்கும் சேர்த்து.

மில் வேலையைப் போலவே, வெளிநாட்டு வேலைக்குக் கூப்பிடுகிறவர் சொல்வதையும் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடாவுக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டு, சுற்றுலா விசாவில் ஏற்றிவிடுகிறவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

மில்லில் ஏற்கெனவே சேர்ந்து ஏமாந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, தரகர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். கூலி பாக்கிக்குத் தொழிலாளர் துறை அலுவலகத்திலும், பி.எஃப். பாக்கிக்கு வைப்பு நிதி அலுவலகத்திலும் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். விடுதியில் பூட்டி வைத்தால் பெண்கள் 181ஐயும், பதினெட்டு வயது ஆகாதவர்கள் 1098ஐயும் கூப்பிடலாம். வழக்கு நடத்தக் காசில்லையே என்று பின்வாங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் நேரிலும் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.