வாலிஸ் வாய்க்கால்களில் நிறைந்தோடும் தண்ணீர்

சுவிஸ் தண்ணீருக்குக் குறைவில்லாத நாடு என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் வாலிஸ் மாநிலத்தின் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மழை குறைவு. இருபுறத்து உயர்ந்த மலைகளும் மேகங்களை மறித்துவிடுகின்றன. அதனால் அங்குள்ள சிறு விவசாயிகள் இடைக்காலம் முதலே மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டி, பனியாற்றுத் தண்ணீரைப் புல்வெளிக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஜெர்மன் பேசுவோர் இவ்வாய்க்கால்களைச் 'சுவோனன்' என்பார்கள். பிரெஞ்சு பேசுவோர் 'பிஸ்' என்பார்கள்.

யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதை அந்நாளில் மரக்கட்டையில் வெட்டிக் குறித்தார்கள். வாய்க்காலைத் துப்புரவாக்குவது கூட்டு வேலை. வன்னியில் வட்டவிதானையார் குளத்துத் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்டதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சுவிஸ் உட்பட ஏழு நாடுகளின் இந்தப் பாரம்பரிய நீர்ப்பாசன அறிவை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

அதே 2023உடன் முடிந்த இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் பருமனில் 10 சதவீதத்தை இழந்தன. பனி வேகமாக உருகும்போது வாய்க்கால் நிறைந்துதான் ஓடும். தாதியாகச் சொல்கிறேன்: உள்ளே இரத்தம் கசியும் நோயாளிக்கும் முதலில் இரத்த அழுத்தம் வழமையாகவே இருக்கலாம். உடல் ஈடுகட்டும், பிறகு சடுதியாக விழும். பனியாறு சிறுத்தபின், மழையில்லாத கோடையில் வாய்க்காலுக்கும் அதே கதிதான்.

வாய்க்கால் தண்ணீரை உண்டாக்காது, இருப்பதைப் பங்கிடும். குறைந்த தண்ணீரிலும் அயலவரோடு சண்டையின்றிப் பயிரைக் காக்க அந்த முறை உதவும். ஆனால், பங்கிடத் தெரிந்தவர்களுக்குப் பங்கிடத் தண்ணீர் மிஞ்சுமா என்பது, எண்ணெயும் நிலக்கரியும் எரிக்கும் நம் நகரங்களில்தான் தீர்மானமாகிறது.